வெடிப்புக்கு வயது சொல்வது யார்?

வீதி வேலை நடக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கிறது. முறைப்பாடு கொடுத்து, நாலு தரம் தொலைபேசி எடுத்து, கடைசியில் ஒரு பொறியியலாளர் வருகிறார். வெடிப்பை அளப்பதற்கு முன்னரே அவர் ஒரு கேள்வி கேட்பார்: "அம்மா, இது முந்தியே இருந்ததுதானே?"

"இல்லைத் தம்பி, றோலர் ஓடின பிறகுதான் வந்தது" என்று வீட்டுக்காரி சொல்வார். அதற்கு மேல் காட்ட அவரிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. படம் இல்லை, திகதி இல்லை, சாட்சி சொல்ல அயலவர் மட்டும் உண்டு. அந்த அயலவர் வீட்டுச் சுவரும் வெடித்திருந்தால் அவர் சாட்சி எடுபடாது. பொதுப் போக்குவரத்துக்காக நடக்கும் கட்டுமான வேலையால் வீடு சேதமடைந்தவர்களின் நட்டஈட்டுக் கதை உலகில் எங்கு நடந்தாலும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. வெடிப்பின் வயது என்ன, அதைச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதே அந்தக் கேள்வி.

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பதில் சொல்வது மற்ற இடங்களை விடக் கடினம். ஏனென்று புரிய வேண்டுமானால் இங்குள்ள தண்டவாளத்தின் கதையையும் சுவர்களின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு 1905இல் முழுப்பாதையும் திறந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனது. அதன் பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. மேடு மட்டும் மிஞ்சியது. அதுவும் பல இடங்களில் வேலியோடு வேலியாகிப் பற்றை மூடிக் கிடந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அந்த மேட்டுக்கு அருகே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள், இடம்பெயர்ந்து வந்தவர்கள் கொட்டில் போட்டார்கள், பிறகு அந்தக் கொட்டில் கல்வீடானது.

போர் முடிந்ததும் இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட வந்தது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர். 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் வந்தபோது ஊர் திரண்டு நின்று பார்த்தது. 2015 ஜனவரியில் அது காங்கேசன்துறையையும் தொட்டது. அதே காலத்தில் ஏ-9 வீதியும், குடாநாட்டுக்குள் ஓடும் பெரிய வீதிகளும் கிளறப்பட்டு, கல் பரப்பப்பட்டு, அதிரும் உருளைகளால் இறுக்கப்பட்டு, அகலமாயின. இந்தப் பாதைகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக்கிடந்த ஒரு சனத்துக்கு ரயில் திரும்பி வந்தது சிறிய விடயமல்ல. ஆனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று பாதை ஊடறுக்கும் ஊர்கள் குடாநாட்டிலேயே வீடுகள் நெருங்கிய ஊர்கள். அங்கு பாதை வேலை என்பது பலருக்கு வேலிக்கு அப்பால் நடக்கும் வேலை.

அந்த வேலிக்கு இப்பால் இருப்பது எந்த மாதிரி வீடு?

முதலில், நூறு வருடத்துக்கு முந்திய நாற்சார் வீடுகள். பொழிந்த சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. சாந்து மென்மையானது; சின்ன அசைவுகளை உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் கூரை போய், பத்துப் பதினைந்து மாரி நனைந்த சுவர் அப்படித் தாங்காது. அடுத்தது, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சீமெந்துக் கல்லால் கட்டப்பட்டு, தொண்ணூறுகளில் ஷெல் விழுந்து, ஆட்கள் இல்லாமல் கிடந்து, திரும்பி வந்தவர்கள் பூசி மெழுகிக் குடியிருக்கும் வீடுகள். மூன்றாவது, போருக்குப் பின் எழுந்த திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுக்கப்பட்டது. அந்தக் காசுக்குள் அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிக்க வேண்டியிருந்ததால் பூச்சுப் பூசாமலே குடிபுகுந்தவர்கள் பலர்.

இந்த மூன்று வகைச் சுவர்களிலும் பாதை வேலைக்கு முன்னரே வெடிப்புகள் இருந்திருக்கக்கூடும். அதிகாரி கேட்கும் கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் பழைய வெடிப்பு இருந்த சுவர் என்பதற்காகப் புதிய வெடிப்புக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாது. நொந்த சுவர் குறைந்த அதிர்விலேயே வெடிக்கும் என்பது அதற்கு அருகே உருளை ஓட்டுபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி.

சுவர் எப்படி வெடிக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். நில அதிர்வை நிலத்துணிக்கையின் வேகமாக, வினாடிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று அளப்பார்கள். மனித உடல் வினாடிக்கு 0.3 மில்லிமீற்றர் அளவிலேயே அதிர்வை உணர்ந்துவிடும். குறைந்த அதிர்வெண்ணில் சாதாரண வீடுகளுக்கு 5 மில்லிமீற்றர், பழமையான, நலிந்த கட்டடங்களுக்கு 3 மில்லிமீற்றர் என்று ஜேர்மன் நியமம் எல்லை வகுத்திருக்கிறது. இலங்கையிலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை கட்டட வகைகளைப் பிரித்து இடைக்கால அதிர்வு நியமங்களை வெளியிட்டிருக்கிறது. இந்த எண்களுக்கிடையே உள்ள தூரம்தான் சண்டைக்குக் காரணம். கோப்பையும் பீரிசும் கிணுகிணுக்க, கட்டில் ஆட, வீட்டுக்காரர் வீடே இடிந்துவிடுமோ என்று பயப்படுகிற அதிர்வு, கருவியில் எல்லைக்குக் கீழே காட்டலாம். "கருவி பிழையில்லை என்கிறது" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். கருவி எங்கே வைக்கப்பட்டது, எந்த நாளில், உருளை எந்த அதிர்வில் ஓடியபோது என்று திருப்பிக் கேட்க வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிர்வு ஒன்றே காரணமுமல்ல. சுவருக்குப் பக்கத்தில் வடிகால் வெட்டினால் அத்திவாரத்தின் கீழிருக்கும் மண் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரியும். சுவர் ஒரு பக்கம் இறங்கும். அப்போது யன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போலக் கல் இணைப்புகள் வழியே வெடிப்பு ஏறும். கொங்கிரீற்றுத் தட்டுக்குக் கீழே கிடையாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் வெயிலின் வேலை. பூச்சில் சிலந்தி வலை போலப் பரவிய மெல்லிய கோடுகள் சாந்து உலர்ந்தபோது வந்தவை. மூலையில் நிற்கும் அரசங்கன்றின் வேரும் சுவரைப் பிளக்கும். அனுபவமுள்ள மேசனார் ஒருவர் கண்ணாலேயே இவற்றில் பாதியைப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

வயதையும் ஓரளவு சொல்லலாம். புதிய வெடிப்பின் உள்விளிம்பு கூராகவும் துப்புரவாகவும் இருக்கும். பழையதன் விளிம்பு மழுங்கியிருக்கும். உள்ளே தூசி, எறும்பு மண், சிலந்தி. எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் வர்ணம். கடைசியாக அடித்த வெள்ளையோ வர்ணமோ வெடிப்புக்குள் இறங்கியிருந்தால் அந்த வெடிப்பு வர்ணத்துக்கு மூத்தது. இறங்கியிருக்காவிட்டால் இளையது. ஆகவே வீட்டுக்கு எப்போது வர்ணம் அடித்தோம் என்பதற்குக் கடைத் துண்டு ஒன்று இருந்தால் அது கூட ஒரு சாட்சி.

குடாநாட்டில் இன்னொரு சேதமும் உண்டு. அது மாரியில்தான் தெரியும். வீதியைத் திருத்தும்போது பழைய தாருக்கு மேல் கல் போட்டு உயர்த்துவார்கள். சில தடவை இப்படி நடந்ததும் வளவு வீதியை விடத் தாழ்ந்துபோகும். வற்றாத ஆறில்லாத, தட்டையான இந்த நிலத்தில் மழைவெள்ளம் போவது மெல்லிய சரிவுகளை நம்பித்தான். வீதியோ ரயில் மேடோ அந்தச் சரிவுக்குக் குறுக்கே எழும்பி, மதகு போதாமல் இருந்தால், கார்த்திகை வெள்ளம் முற்றத்தில் தேங்கி அத்திவாரத்தை ஊறவைக்கும். சுவர் வெடிப்பதற்கு அதுவும் போதும். ஆனால் வேலை நடந்தது பங்குனியில், வெடிப்பு வந்தது மார்கழியில் என்றால் இரண்டையும் தொடுத்துக் காட்டுவது யார்?

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுண்டு. வேலை தொடங்குமுன் பாதையோரம் உள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், இருக்கும் வெடிப்புகளை எல்லாம் படமெடுத்து, அளந்து, திகதியிட்டுப் பதிந்து வைப்பது. இலங்கையில் இத்தகைய முன்வெடிப்பு அளவையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது. வெளிநாட்டு அபிவிருத்தி வங்கிகளின் கடனில் நடக்கும் பெரிய வேலைகளில், சுற்றாடல் முகாமைத்துவத் திட்டத்தின் ஒரு பகுதியாக இது கேட்கப்படுகிறது. வேலை முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து ஒப்பிட்டுப் பார்த்தால் எது புதியது என்பது வாதமில்லாமல் தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரருக்கும் இதனால் பாதுகாப்பு உண்டு. பழைய வெடிப்புக்கு அவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் வந்து படமெடுப்பவர் என்றால் சனங்களுக்கு வேறு நினைவுகள் வரும். குடும்பப் பதிவு, குடும்பப் படம் என்று படையினர் வீடு வீடாக வந்த ஊர் இது. அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கமெராவோடு வந்து "அறைகளைப் பார்க்க வேண்டும்" என்றால், தனியே இருக்கும் வயோதிபத் தாய் படலையைத் திறக்கத் தயங்குவது இயல்பு. "வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை" என்று படிவத்தில் ஒரு வரி எழுதப்படும். நாளைக்கு அந்த ஒரு வரியே அவரது கோரிக்கையைத் தட்டிக்கழிக்கப் போதுமானதாகிவிடும். அளவையாளர்கள் கிராம அலுவலரையோ, சனசமூக நிலையத்தில் உள்ள யாரையாவதோ கூட்டிக்கொண்டு வந்தால் இந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும். இதைக் கேட்டுப் பெறுவது ஊரின் உரிமை. அதே போல, எடுத்த படங்களின் பிரதி ஒன்று வீட்டுக்காரர் கையிலும் இருக்க வேண்டும். பிரதி தராவிட்டால் கையொப்பம் வைக்கத் தேவையில்லை.

சேதம் யாருடைய வேலையால் வந்தது என்பதில் சந்தேகமே இல்லாவிட்டால் பணம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்குக் கொல்கத்தாவைப் பார்க்கலாம். 2019 ஓகஸ்ட் 31ஆம் திகதி, பௌபஜார் பகுதியில் நிலத்தின் கீழ் மெட்ரோவுக்காகக் குகை குடைந்துகொண்டிருந்த 'சண்டி' என்ற இயந்திரம் நீர்தாங்கிய மண்படை ஒன்றில் முட்டியது. தண்ணீரும் வண்டலும் குகைக்குள் பாய, மேலே துர்கா பிதுரி ஒழுங்கையிலும் சக்ராபாரா ஒழுங்கையிலும் பழைய வீடுகள் வெடித்தன; சில இடிந்து விழுந்தன. உடுத்த உடையோடு வெளியேறிய நூற்றுக்கணக்கானவர்கள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபா வீதம் மெட்ரோ நிறுவனம் கொடுத்தது. காரணம், நாடே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெடிப்புக்கு வயது கேட்க யாருக்கும் இடமிருக்கவில்லை.

ஆனால் 2022 மே மாதம் அதே துர்கா பிதுரி ஒழுங்கை வீடுகளில் மீண்டும் வெடிப்பு. ஒக்டோபரில் மதன் தத்தா ஒழுங்கையிலும். மறுபடியும் சனம் விடுதிக்குப் போனது. எஸ்பிளனேட்டுக்கும் சியால்தாவுக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டுப் பாதை 2025 ஓகஸ்டில்தான் பயணிகளுக்குத் திறந்தது. முதல் நாள் கிடைத்த காசு, வருடக்கணக்காக வீடில்லாமல் இருப்பதற்கான ஈடாகாது என்பதைப் பௌபஜார்க்காரர்கள் அனுபவித்து அறிந்தார்கள்.

இலங்கையில் இதற்கு நெருங்கிய கதை பாதையால் வந்ததல்ல, நீர்த்திட்டத்தால் வந்தது. உமா ஓயாத் தண்ணீரை மலையைக் குடைந்து தெற்கே திருப்பும் திட்டத்தில், ஈரானின் பராப் நிறுவனம் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தபோது, 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. பிறகு வீடுகள் வெடிக்கத் தொடங்கின. ஆயிரக்கணக்கான வீடுகள். சுரங்கம் நேர் கீழே இல்லாத இடங்களிலும் வெடித்தன; நீர் வெளியேறிய மண் சுருங்கி இறங்கினால் மேலிருக்கும் வீடும் இறங்கத்தான் செய்யும். 2017 ஜூனில் பண்டாரவளை நகரம் கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. நோர்வேயிலிருந்து நிபுணர்கள் அழைக்கப்பட்டார்கள், வீடு வீடாகச் சேதம் மதிப்பிடப்பட்டது, அமைச்சரவை நட்டஈடு கொடுக்கத் தீர்மானித்தது. வெடிப்பு முதலில் வந்ததற்கும் காசு வந்ததற்கும் இடையில் வருடங்கள் கழிந்திருந்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

பண்டாரவளைக்காரர்களுக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு அவர்கள் எண்ணிக்கையால் கிடைத்தது. ஒரு நகரம் முழுவதும் ஒரே காலத்தில் வெடித்தால் அரசு கேட்டாக வேண்டும். பாதையோரத்தில் ஏழெட்டு வீடுகள் மட்டும் வெடித்தால்?

அப்போது சட்டத்திடம்தான் போக வேண்டும். சட்டத்தின் பார்வையில் பாதையோரம் இரண்டு வகை மனிதர் உண்டு. ஒருவர் நிலத்தைப் பறிகொடுத்தவர். அவருக்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அறிவித்தல் வரும், விலைமதிப்புத் திணைக்களம் வரும், கொடுக்கும் தொகை போதாவிட்டால் மீளாய்வுச் சபைக்குப் போகலாம், அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். எடுத்தது போக எஞ்சிய காணிக்கு நேரும் கெடுதியையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கையும், தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக் காலத்தில் அமைக்கப்பட்ட காணி எடுத்தல் மீள்குடியமர்வுக் குழுக்களும் இந்த மனிதரின் நிலையைக் கொஞ்சமேனும் மேம்படுத்தின. அந்த நெடுஞ்சாலையின் தடம் தங்களைக் கேளாமலே மாற்றப்பட்டது என்று அக்மீமனை, பண்டாரகமைப் பக்கத்து மக்கள் தொடுத்த வழக்கில், 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பாதையை நிறுத்தவில்லை. ஆனால் அவர்களது பக்கத்தைக் கேட்காமல் விட்டது பிழை என்று கண்டு, காணிச் சட்டம் தருவதற்கு மேலதிகமாக நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கடன் கொடுத்த ஆசிய அபிவிருத்தி வங்கியின் உள்விசாரணை வரை கூட அந்த மக்களின் முறைப்பாடு போனது.

இரண்டாவது மனிதர், ஒரு பரப்பும் பறிபோகாதவர். எல்லைக்கல் அவரது மதிலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நிலம் தப்பியதென்று அவர் ஆறுதலடைந்த அந்தக் கணத்திலேயே காணி எடுத்தற் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லாமல் போய்விட்டது. அவர் வீடு வெடித்தால், எங்கள் றோமன்-டச்சுச் சட்டத்தின் தீங்கியல் வழியில் போய், மற்றவரின் கவனயீனத்தால் தனக்கு நட்டம் வந்ததென்று மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். வெடித்தது என்று காட்டுவது போதாது. கவனமாக வேலை செய்திருந்தால் வெடித்திருக்காது என்றும் காட்ட வேண்டும். அரசின் மீது இப்படி வழக்குப் போட முடிவதே 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான்.

இங்கிலாந்தில் இந்த இரண்டாவது மனிதருக்கென்றே 1973இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். புதிய பாதையின் பாவனையால் வரும் இரைச்சல், அதிர்வு, புகை, நாற்றம் போன்றவற்றால் வீட்டின் பெறுமதி குறைந்தால், ஓர் அங்குல நிலமும் எடுக்கப்படாதவர் கூட, பாதை திறந்து ஒரு வருடம் கழித்து ஈடு கேட்கலாம். யாருடைய கவனயீனம் என்று அவர் நிறுவத் தேவையில்லை. பாதையால் ஊர் முழுவதும் பயன்பெறும்போது அதன் பாரத்தை ஓரத்து வீட்டுக்காரர் மட்டும் சுமக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நியாயம். அப்படியொரு சட்டம் இலங்கைக்கும் வர வேண்டும். வடக்கின் பாதைகள் போடப்பட்ட காலத்தில் அது இருந்திருக்க வேண்டும்.

சட்டம் இல்லாவிட்டாலும் நடைமுறையில் சில வாசல்கள் உண்டு. பெரிய ஒப்பந்தங்களில் மூன்றாம் தரப்புக்கு நேரும் சேதத்துக்கு ஒப்பந்தக்காரர் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்காரரின் கோரிக்கை உண்மையில் போய்ச் சேருவது அந்தக் காப்புறுதி நிறுவனத்திடம். அங்கும் முதற்கேள்வி வயதுதான். வடக்கிலும் நடந்த 'ஐ-றோட்' போன்ற வீதித் திட்டங்களில் கிராம மட்டத்திலும் பிரதேச செயலக மட்டத்திலும் குறைகேள் குழுக்கள் வைக்கப்பட்டன. இத்தகைய குழு இருக்கிறதா என்று வேலை தொடங்கும் நாளிலேயே கிராம அலுவலரிடம் கேட்பது நல்லது. எந்த முறைப்பாடும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதியில் முத்திரை குத்தித் திகதியிட்டுத் திருப்பி வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதற்கும் றோட்டில் நின்ற மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கும் தடயமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது நாட்கணக்கு. வேலை முடிந்த பிறகு குறைகளைத் திருத்தும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்குச் சாதாரணமாக ஒரு வருடம் இருக்கும். அதுவரை அவரது பணத்தில் ஒரு பங்கு பிடித்துவைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலம் கடந்து, பணமும் விடுவிக்கப்பட்டு, வெளிநாட்டு நிறுவனம் முகாமைக் கழற்றிக்கொண்டு போன பிறகு அதைத் தேடிப் பிடிப்பது ஒரு சாதாரண குடும்பத்தால் ஆகாத காரியம். தீங்கியல் வழக்குக்குக் காலாவதி இரண்டு வருடம். அரச அதிகாரி மீதோ சட்டமா அதிபர் மீதோ வழக்கென்றால் ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவென்றால் ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. "பார்ப்போம் அம்மா, வேலை முடியட்டும், எல்லாருக்கும் சேர்த்துச் செய்வோம்" என்று வரும் நல்ல வார்த்தைகளை நம்பிக் காத்திருந்து இந்தக் காலங்களைத் தவறவிட்டால் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் மீட்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் கட்டுமானச் சேதத்துக்காக அல்லாவிட்டாலும், பக்கத்தில் நடந்த ஒரு பெரும் வேலையால் வந்த கெடுதிக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போய் வென்ற வழக்கு ஒன்று உண்டு. சுன்னாகம் மின்நிலைய வளவில் இயங்கிய நொதேர்ண் பவர் நிறுவனத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததென்று 2015இல் அடிப்படை உரிமை மனு தாக்கலானது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையின் கீழ், மக்களின் நட்டத்தில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்ய நிறுவனம் 20 மில்லியன் ரூபா கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அனுமதி கொடுத்துவிட்டுக் கண்காணிக்காமல் விட்ட அரச அமைப்புகளையும் அது கண்டித்தது.

சுன்னாகத்தின் ஒரு கிணற்றுக்கு இருபது மில்லியனில் வந்த பங்கு பெரிதல்ல. ஆனால் அந்த வழக்கு எதில் நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக மாதிரி எடுத்து, எண்ணெயின் அளவை எழுதி வைத்த அறிக்கைகள் அங்கு இருந்தன. குடிக்கும் தண்ணீரில் எண்ணெய் மணக்கிறது என்ற வாய்ச்சொல் திகதியும் அளவும் உள்ள தாளாக மாறியிருந்தது. கிணற்றுக்கு அப்படிச் செய்ய முடிந்தால் சுவருக்கும் செய்ய முடியும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாண வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். போர்ச் சேதத்துக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களின் கோப்புகள் பிரதேச செயலகங்களிலும் பழைய புனர்வாழ்வு அதிகார சபையின் ஆவணங்களிலும் இருக்கும். "பகுதிச் சேதம்" என்று அதில் எழுதியிருக்கும். வீதி வேலைக்காரர் அதைக் காட்டி, இந்தச் சுவர் எப்போதோ உடைந்தது என்று வாதாடலாம். ஆனால் அதே கோப்பில் எந்தச் சுவர், எந்த அறை என்ற விபரம் இருந்தால், அதில் இல்லாத வெடிப்பெல்லாம் பிறகு வந்தது என்று வீட்டுக்காரரும் வாதாடலாம். வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது எடுத்த படங்களும் அப்படித்தான்: அத்திவாரம், சுவர், கூரை என்று நாள் குறித்த படங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின் கீழ் ஒப்பந்தக்காரரின் காப்புறுதி விபரத்தையும், அதிர்வு அளந்த பதிவேட்டையும், முன்வெடிப்பு அளவை அறிக்கையையும் சம்பந்தப்பட்ட அரச நிறுவனத்திடம் கேட்கலாம்.

வீட்டின் உறுதி யார் பெயரில் என்பது அடுத்த முடிச்சு. சொந்தக்காரர் ரொறன்ரோவில், வீட்டில் இருப்பவர் அவரது சிறியதாய், உறுதியோ இன்னும் பேரனார் பெயரில். நட்டஈடு கோருபவர் உரிமை காட்ட வேண்டும் என்ற இடத்தில் இத்தகைய வீடுகள் விழுந்துவிடும். வேலை தொடங்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் அற்றோணித் தத்துவம் ஒன்றை முறைப்படி எழுதி அனுப்பிவைப்பது, வெடித்த பிறகு ஓடித்திரிவதை விட எவ்வளவோ இலகு. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கோயில் திருவிழாவைப் படமெடுப்பது போல வீட்டின் நான்கு சுவர்களையும், மதிலையும், கிணற்றுக்கட்டையும் ஒரு தரம் படமெடுத்துவிட்டுப் போகலாம். கைத்தொலைபேசி திகதியைத் தானே பதிந்துகொள்ளும். அன்றைய 'உதயன்' பத்திரிகை ஒன்றைச் சுவரோடு பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது.

வெடித்துவிட்டால், முதலில் பூசி மறைக்காமல் விட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் கொண்டாட்டம் வருமுன் வீட்டைத் துப்புரவாக்கிப் பார்க்கப் பழகியவர்கள். சுவரில் கோடு தெரிந்தால் மனம் ஒப்பாது. ஆனால் பூசிய வெடிப்புக்கு நட்டஈடு இல்லை. பென்சிலால் வெடிப்பின் இரு நுனிகளிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுத வேண்டும். இரண்டு கிழமை கழித்து நுனி அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி திகதி. வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டிவிடுவது பொறியியலாளர்கள் செய்யும் பழைய வேலை. சுவர் இன்னும் அசைந்தால் கண்ணாடி உடையும்; உடைந்த நாளும் நேரமும் அன்று வீதியில் என்ன வேலை நடந்தது என்பதும் ஒரு கொப்பியில் ஏற வேண்டும். ஏழெட்டு வீடுகளில் ஒரே நாளில் கண்ணாடி உடைந்ததென்று ஏழெட்டுக் கொப்பிகள் சொன்னால், "இது முந்தியே இருந்ததுதானே" என்று கேட்டு வருபவர் அந்தக் கொப்பிகளைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.